அத்தை மகள், சித்தி மகள், மூவாயிரம் வெள்ளி

மேல்பட்டாம்பாக்கத்து வீட்டில், பூ தொடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒரு சீனக் கதை சொன்னேன். பையனுக்கு அத்தை மகள்மேல் உயிர். வீட்டார் அவனை ஏமாற்றி, முக்காடு போட்டுச் சித்தி மகளைக் கட்டிவைத்துவிடுகிறார்கள். அம்மாவின் கை நின்றது. "சித்தி பொண்ணா? அக்கா மொற ஆவுதேடா!"

ட்சாவ் ஷுவேச்சின் எழுதிய 'சிவப்பு மாளிகைக் கனவு' அது. ஆங்கிலத்தில் இரண்டு முறை படித்தும் எனக்கு அந்தத் திடுக்கிடல் வரவில்லை. 'கசின்' என்ற ஒற்றைச் சொல் அத்தை மகள் தாய்யூவையும் சித்தி மகள் பாவ்ச்சாயையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டது. சீன வழக்கில் இருவரையுமே கட்டலாம் என்பதால், அம்மா பட்ட அதிர்ச்சி ஆசிரியர் நினைத்தது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைக் காதல் கதை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பதினைந்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள். சாவுக்குப் போன இடத்தில் ஒரு பிக்குணி மடத்தில் இரவு தங்குகிறாள் ஷீஃபெங். கதைநாயகன் பாவ்யூவுக்கு அண்ணி முறை, பெரிய வீட்டின் சாவிக்கொத்து அவள் இடுப்பில். மடத்துத் தலைவி மெதுவாகப் பேச்செடுக்கிறாள். படை அதிகாரி மகனுக்கு நிச்சயமான ஒரு பெண். அந்த நிச்சயத்தை முறிக்க வேண்டும். மேலிடத்தில் ஒரு வார்த்தை போதும். "பணம் எனக்கெதற்கு" என்கிற தோரணையில் பேசியபடியே மூவாயிரம் வெள்ளிக்கு விலை பேசிவிடுகிறாள் ஷீஃபெங். கணவன் பெயரில் கடிதம் போகிறது, அவனுக்குத் தெரியாது. நிச்சயம் முறிகிறது. பெண் தூக்கு மாட்டிக்கொள்கிறாள், பையன் தண்ணீரில் விழுந்து சாகிறான். ஆசிரியர் அழவில்லை. சில வரிகளில் முடித்துவிட்டு, அவளுக்குத் துணிச்சல் கூடியது என்று எழுதி அப்பால் போகிறார்.

இதே பெண் வேலைக்காரர்களின் மாதப் பணத்தைத் தாமதித்து வட்டிக்கு விடுகிறாள். பல அத்தியாயங்கள் கழித்து முக்காட்டுக் கல்யாணத்துக்குத் திட்டம் போடுவதும் இவளே. முன்பின் தெரியாத ஒரு ஜோடியிடம் பழகிய கை வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது. அந்தக் கல்யாணத்தோடு வரும் தாய்யூவின் சாவை விதி என்று படிக்கிறவர்கள் அந்த மூவாயிரத்தை மறந்துவிட்டுப் படிக்கிறார்கள்.

என் வாதத்தில் ஓட்டை இல்லாமலில்லை. மொத்தம் 120 அத்தியாயங்கள். கடைசி நாற்பது, ஆசிரியர் இறந்து கால் நூற்றாண்டுக்கும் மேலான பிறகு 1791இல்தான் அச்சேறின. அவை யார் கை என்ற வழக்கு தீரவில்லை. முக்காட்டுக் கல்யாணம் இருப்பது அங்கேதான். அதே நாற்பதில்தான் பெரிய வீட்டின் ஜப்தியான சொத்து அரச கருணையால் திரும்பியும் வருகிறது. ஆனால் 1728இல் சொத்து ஜப்தியான ட்சாவ் குடும்பம் மீளவேயில்லை. ட்சாவ் வறுமையில் இறந்தார். அந்த மன்னிப்பை என்னால் ஏற்க முடியவில்லை, கல்யாணத்தை ஏற்க முடிகிறது. ஒன்று முதல் எண்பதிலிருந்து வளர்ந்தது, மற்றது மேலே ஒட்டியது.

ட்சாவ் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இங்கிருந்து கடலூர் தாண்டினால் வரும் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பதவிப் பேரமும் கவர்னர் மனைவி மதாம் துய்ப்ளெக்ஸின் பேராசையும் அதில் உண்டு. அதிலிருந்து பிரபஞ்சன் எடுத்த 'வானம் வசப்படும்' நாவல் 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கணவன் அதிகாரத்தை மனைவி விற்கும் கதை நமக்குப் புதிதில்லை. ஆனால் பிரபஞ்சனில் லஞ்சம் கவர்னர் மாளிகையைச் சுற்றியே நிற்கிறது. ட்சாவ் அதை அடுக்களை வரை கொண்டுவந்துவிடுகிறார். அந்த வகையில் சீன நாவலே ஒரு படி மேல்.

டேவிட் ஹாக்ஸின் ஆங்கிலம் அழகுதான். ஆனால் ஆங்கில வாசகருக்குச் சிவப்பு மங்கலமாகப் படாது என்று பல இடங்களில் பச்சையாக்கிவிட்டார். குங்குமமும் அரக்குக் கூறைப்புடவையும் உள்ள நமக்கு அந்த மாற்றம் எதற்கு? ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தால் பச்சையும் கூடவே வரும், 'கசினு'ம் வரும். பழஞ்சீனக் கவிதைகளை நேரடியாகவே தமிழுக்குக் கொண்டுவரலாம் என்று பயணி என்ற மொழிபெயர்ப்பாளர் 2012இல் 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' தொகுப்பில் செய்து காட்டினார். சீனம் படித்த யாராவது இந்த நாவலுக்கும் உட்காருங்கள். முதல் எண்பது அத்தியாயம் வந்தாலே போதும்.