கிரகாம் நார்ட்டனின் சோபாவில் நடக்கும் ஆட்டம்

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை இரவு. பிபிசியில் கிரகாம் நார்ட்டன் ஷோ. சோபாவில் டென்சல் வாஷிங்டன், பால் மெஸ்கல், எடி ரெட்மெய்ன், சேர்ஷா ரோனன் என நான்கு நடிகர்கள். அவர்களில் ரோனன் மட்டுமே பெண். ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ தொடருக்காகத் தான் எடுத்துக்கொண்ட சண்டைப் பயிற்சியைப் பற்றி ரெட்மெய்ன் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாராவது தாக்க வந்தால் கையிலிருக்கும் செல்போனையே ஆயுதமாக்கலாம் என்று கற்றுக்கொடுத்தார்களாம். அடி விழும் நேரத்தில் போனைப் பற்றி யார் யோசிப்பார்கள் என்று மெஸ்கல் கிண்டலடிக்கிறார். அரங்கம் சிரிக்கிறது. தொகுப்பாளர் நார்ட்டனும் சேர்ந்துகொள்கிறார். இடையில் ரோனன் பேச வாயெடுக்கிறார், அது எடுபடவில்லை. சிரிப்பு சற்று அடங்கியதும் அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: பெண்கள் எந்நேரமும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. ஆண்கள் வாயடைத்துப் போனார்கள். அரங்கிலிருந்த பெண்களிடம், நான் சொல்வது சரிதானே என்று ரோனன் கேட்க, கைதட்டல் எழுந்தது.

சில நொடிகளில் முடிந்துபோன விஷயம். ஆனால் அந்தக் காட்சி அடுத்த சில நாட்களில் உலகத்தையே சுற்றி வந்தது. ரோனன் சொன்னதைப் பற்றி நிறையப் பேர் எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். எனக்கு அதோடு இன்னொன்றும் தோன்றுகிறது. அந்த நேரத்தில் ரோனனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அது ரெட்மெய்னின் முறை. வேறு பல பேட்டி நிகழ்ச்சிகளில் என்றால் அவர் மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறையில் காத்திருந்திருப்பார். அந்த வாக்கியம் பிறந்தே இருக்காது.

பிரபலங்களை வைத்து நடத்தும் நகைச்சுவைப் பேட்டிகளின் ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. கேட்கும் கேள்வியை விட, யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முக்கியம்.

அமெரிக்கப் பாணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 முதல் 1992 வரை ‘தி டுநைட் ஷோ’வை நடத்திய ஜானி கார்சன் உறுதிப்படுத்திவிட்டுப் போன அமைப்புதான் பெரும்பாலும் இன்றும் அங்கே ஓடுகிறது. தொகுப்பாளருக்கு ஒரு மேசை. ஒரு விருந்தினர் வருவார், தன் படத்தைப் பற்றிப் பேசுவார், அடுத்தவர் வந்ததும் நகர்ந்து உட்காருவார் அல்லது கிளம்பிவிடுவார். பிரிட்டனில் மைக்கேல் பார்க்கின்சன் 1971-ல் தொடங்கிய நிகழ்ச்சியில் மேசை கிடையாது. ஆனாலும் அங்கேயும் ஒவ்வொருவராகத்தான் வந்தார்கள். நார்ட்டன், 2007 பிப்ரவரி 22 அன்று பிபிசி டூவில் தொடங்கி, பின்னர் பிபிசி ஒன்னுக்கு மாறிய தன் நிகழ்ச்சியில், எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்ததுதான் பெரிய மாற்றம். கையில் ஆளுக்கொரு மதுக்கோப்பை. தொகுப்பாளருக்கும் சேர்த்து.

இந்த ஒரு மாற்றத்தால் நட்சத்திரங்கள் ஒருவருக்கொருவர் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். நாம் பார்க்க விரும்புவது அதைத்தான். ஒரு நடிகர் சொல்லும் பதிலை விளம்பரக் குழு முன்கூட்டியே தயார் செய்து கொடுத்துவிட முடியும். பக்கத்தில் இருப்பவர் பேசும்போது அவர் முகம் எப்படி மாற வேண்டும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. மூத்த ஆங்கில நடிகை மிரியம் மார்கோலிஸையும் அமெரிக்கப் பாடகர் வில்.ஐ.யாமையும் ஒரே சோபாவில் உட்கார வைத்தார் நார்ட்டன். மார்கோலிஸ் கூச்சநாச்சம் இல்லாமல் எதையும் போட்டு உடைப்பவர். அவர் பேசப் பேச, அந்தப் பாடகரின் முகத்தில் அதிர்ச்சியும் சிரிப்பும் மாறி மாறி வருவதைப் பாருங்கள். நாம் சிரிப்பதில் பாதி, மார்கோலிஸ் சொன்னதற்காக இல்லை, பக்கத்தில் இருப்பவர் படும் பாட்டுக்காகத்தான்.

அதே காரணத்தால், ரசிகர்கள் கொண்டாடும் இன்னொரு காட்சியை நான் ஒரு படி கீழேதான் வைப்பேன். 2013-ல் நடிகர் வில் ஸ்மித், மகன் ஜேடனோடு வந்து, பழைய ‘ஃப்ரெஷ் பிரின்ஸ்’ தொடரின் தோழர்கள் அல்ஃபோன்ஸோ ரிபேரோ, டிஜே ஜாஸி ஜெஃப் ஆகியோரையும் மேடைக்கு அழைத்து ஆடிப் பாடினார். அருமையான விருந்து அது. ஆனால் ஏற்பாடு செய்து படைத்த விருந்து. சோபா அங்கே வேலை செய்யவில்லை.

இப்போது நார்ட்டனின் ஆட்டத்துக்கு வருவோம். வாலிபாலில் செட்டர் என்று ஒருவர் இருப்பார். மூன்று தொடுதலில் நடுத் தொடுதல் அவருடையது. புள்ளி எடுப்பது வேறொருவர், கைதட்டல் வாங்குவதும் அவர்தான். ஆனால் பந்து எந்த உயரத்தில், யார் கைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்பவர் செட்டர். நார்ட்டன் விளையாடுவது அந்த இடத்தில். அவரது கேள்விகள் பெரும்பாலும் கேள்விகளாகவே இருப்பதில்லை. கதையின் முதல் அடியை எடுத்துக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார். இத்தகைய நிகழ்ச்சிகளில் விருந்தினர்களிடம் முன்பே பேசி, எவரிடம் என்ன கதை இருக்கிறது என்று குறித்துக் கொடுக்க ஒரு குழு உண்டு. அந்தக் குறிப்பை வாசிப்பது எளிது. ஒருவர் சொன்ன கதை முடியும் முன்பே, அதற்கு ஈடான கதை சோபாவின் மறுகோடியில் யாரிடம் இருக்கிறது என்று நினைவுக்குக் கொண்டுவந்து, இடைவெளி விழாமல் அங்கே திருப்புவதுதான் கடினம். அவர் கண்களைக் கவனித்தால் தெரியும். பேசுபவரைப் பார்க்கும் அளவுக்கு, பேசாமல் இருப்பவரையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

இது ஒரே நாளில் வந்த கைத்திறன் இல்லை. அயர்லாந்தின் கார்க் பகுதியிலுள்ள பாண்டனில் வளர்ந்தவர். லண்டனில் நடிப்பு படித்து, எடின்பரோவில் தனி ஆளாக நகைச்சுவை நிகழ்த்தி, ‘ஃபாதர் டெட்’ தொடரில் வாய் ஓயாத பாதிரியார் நோயல் ஃபர்லாங்காக வந்தவர். 1998-ல் சேனல் 4-ல் தொடங்கிய முதல் பேட்டி நிகழ்ச்சியில் சிரிப்பின் மையம் அவராகவே இருந்தார். பிறகு வந்த ஆண்டுகளில் படிப்படியாக ஓரத்துக்கு நகர்ந்தார். தானே சிரிக்க வைக்கத் தெரிந்த ஒருவர், அந்த வாய்ப்பை அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பது பெரிய விஷயம். இவரைப் பின்பற்ற நினைக்கும் தொகுப்பாளர்கள் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான்.

குறைகளும் இருக்கின்றன. மது அவற்றில் ஒன்று. பிரிட்டிஷ் பேட்டி மேடைக்கு மதுவால் பழைய காயம் ஒன்று உண்டு. 1990-ல் டெரி வோகன் நடத்திய பேட்டி நிகழ்ச்சிக்குக் குடித்துவிட்டு வந்த கால்பந்து மேதை ஜார்ஜ் பெஸ்ட்டை இன்று பார்த்தாலும் மனம் கனக்கிறது. சிரிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. நார்ட்டனின் சோபாவிலும் 2013-ல் நடிகர் மார்க் வால்பெர்க் நிதானமில்லாமல் பேசிக்கொண்டே போய், எழுந்து வந்து தொகுப்பாளரின் மடியிலேயே உட்கார்ந்தார். நார்ட்டன் பதறாமல் சமாளித்தார். உடன் இருந்தவர்கள் தர்மசங்கடத்தில் நெளிந்தார்கள். இன்னொரு குறை, வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு படத்தையோ புத்தகத்தையோ விற்க வந்தவர்கள் என்பது. நல்ல இரவுகளில் இது மறந்துவிடும். மற்ற இரவுகளில் ஒருவரையொருவர் புகழ்வதிலேயே நேரம் கரையும்.

நிகழ்ச்சியின் கடைசியில் வரும் சிவப்பு நாற்காலியைப் பலர் வெறும் விளையாட்டாக நினைக்கிறார்கள். பார்வையாளர் ஒருவர் அதில் உட்கார்ந்து தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சுவையாக இல்லாவிட்டால் லீவரை இழுத்து, நாற்காலியோடு பின்னால் கவிழ்த்துவிடுவார்கள். லீவரை இழுக்க நட்சத்திரங்கள் போட்டி போடுவதும் உண்டு. ஆனால் நல்ல கதை சொல்லும் ஒரு செவிலியரோ ஆசிரியரோ வந்துவிட்டால், அதே நட்சத்திரங்கள் முன்னால் சாய்ந்து வாய் பிளந்து கேட்கிறார்கள். சோபாவில் பிரபலங்களுக்குள் நடந்த ஆட்டத்தில், பேர் தெரியாத ஒருவரும் இப்போது சேர்ந்துகொள்கிறார்.

ஆழம் என்று பார்த்தால் பார்க்கின்சன்தான் மேல். குத்துச்சண்டை வீரர் முகமது அலியோடு நான்கு முறை அவர் உட்கார்ந்து பேசியதற்கு ஈடாக நார்ட்டனின் பதிவுகளில் எதுவும் கிடையாது. 1974-ல் அலி கோபத்தில் வெடித்த அந்தப் பேட்டி போல ஒன்று, நாலு பேர் கோப்பையோடு இருக்கும் சோபாவில் நடக்காது. ஆனால் கூடியிருப்பவர்களைப் பேச வைக்கும் கலையில், இன்று ஆங்கிலத் தொலைக்காட்சியில் நார்ட்டனுக்கு நிகர் இல்லை என்பது என் தீர்ப்பு. யூடியூபில் இரண்டு நிமிடத் துணுக்குகளாக மட்டும் அவரைப் பார்ப்பவர்கள், வாய்ப்புக் கிடைத்தால் ஒரு பகுதியை முதலிலிருந்து கடைசி வரை பாருங்கள். பேசுபவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவர்களைக் கவனியுங்கள்.