நடுவில் காணாமல்போன படம்

முகப் பெண்மையாக்க அறுவைச் சிகிச்சை பற்றி எந்தத் திசையிலிருந்து தேடினாலும் முதலில் வந்து நிற்பது இரண்டு படங்கள். இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்'. இடது பக்கத்தில் வெளிச்சம் கம்மி, முகத்தில் சிரிப்பு கிடையாது. வலது பக்கத்தில் மேக்கப், திருத்திய புருவம், லேசான புன்னகை. நடுவில் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோட்டுக்குள்ளே குறைந்தது ஆறு மாசம் இருக்கு. சிலருக்கு ஒரு வருஷம்கூட.

அந்தக் கோட்டை யார் எழுதியிருக்கிறார்கள், யார் தாண்டிப் போயிருக்கிறார்கள் என்பதுதான் இங்கே என் கேள்வி. இது மருத்துவக் கேள்வி மட்டுமில்லை, வடிவம் சார்ந்த கேள்வியும்கூட. ஒரு கதையை முன், பின் என்று இரண்டு கட்டமாக மட்டும் சொன்னால், நடுவில் இருக்கிற உடம்பு கதையிலிருந்து வெளியே போயிடும்.

முதலில் அந்த நடுப்பகுதியில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். எஃப்எஃப்எஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது ஒரே அறுவை இல்லை, பல அறுவைகளின் தொகுப்பு. யாருக்கு எது வேணுமோ அதைச் செய்வார்கள். மிகப் பெரியது நெற்றி. ஒரு காதிலிருந்து மறு காது வரை தலைமுடிக்குள்ளேயோ, முடி தொடங்கும் விளிம்பிலேயோ கீறி, தோலைப் புருவம் வரை கீழே இறக்குகிறார்கள். புருவ மேட்டுக்குப் பின்னால் நெற்றிச் சைனஸ் என்கிற காற்றறை இருக்கிறது. மேடு சின்னதாக இருந்தால் தேய்த்தாலே போதும். பெரிதாக இருந்தால் அந்த அறையின் முன்சுவரையே ஓடு மாதிரி கழற்றி, வடிவம் திருத்தி, உள்தள்ளி, கம்பியோ டைட்டானியத் தகடோ வைத்துப் பொருத்துகிறார்கள். அப்புறம் மூக்கு, தாடையின் ஓரம், முகவாய், தொண்டையில் துருத்துகிற குரல்வளைக் குருத்தெலும்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எட்டு, பத்து மணி நேரம்கூட ஆகும்.

ஆபத்துகளும் இடத்துக்கு இடம் வேறு. ரத்தக்கசிவு, தொற்று, மயக்க மருந்தின் சிக்கல் எந்த அறுவைக்கும் உண்டு. நெற்றியில் உணர்வு நரம்பு இழுபடுவதால் உச்சந்தலை மாசக்கணக்கில் மரத்துப்போகும். சிலருக்கு ஒரு திட்டு நிரந்தரமாகவே மரத்துவிடும். தழும்பு ஓரத்தில் முடி கொட்டலாம். புருவத்தைத் தூக்குகிற நரம்பு பாதிக்கப்பட்டால் ஒரு புருவம் மேலே போகாது. அரிதாக, சைனஸின் பின்சுவர் உடைந்து மூளையைச் சுற்றியிருக்கும் திரவம் கசியலாம். தாடையில் கை வைத்தால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகும் வாய்ப்பு இருக்கிறது. குரல்வளைக் குருத்தெலும்பை அளவுக்கு மீறிச் சீவினால் குரலே மாறிவிடும், ஏன்னா குரல் நாண்கள் அதன் உள்பக்கத்தில்தான் பொருந்தியிருக்கின்றன.

மீட்சி என்பது இதைவிட மெதுவான விஷயம். இரண்டாம், மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். கண் திறக்காது. ரத்தம் கட்டின நீலம் கன்னம் வழியாகக் கழுத்துக்கு இறங்கி மஞ்சளாக மாறும். தாடையில் அறுவை நடந்திருந்தால் நாள்கணக்கில் கஞ்சியும் கூழும்தான். தலையை உயர்த்தியே படுக்கணும், குனியக் கூடாது, நெற்றியில் கை வைத்திருந்தால் மூக்குச் சிந்தக் கூடாது. இரண்டு, மூன்று வாரத்தில் வெளியே போகிற அளவுக்கு முகம் வந்துவிடும். ஆனால் எலும்பை ஒட்டிய வீக்கம் முழுசா வடிய ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஆகும். நரம்பு திரும்பி வருகிறபோது அரிப்பு, ஊசி குத்தல், மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு. அந்தக் காலத்தில் கண்ணாடியில் தெரிவது பழைய முகமும் இல்லை, வாக்குக் கொடுக்கப்பட்ட புது முகமும் இல்லை.

இப்போது பிரதிகளுக்கு வரலாம். இந்த அறுவையின் முன்னோடி சான் ஃபிரான்சிஸ்கோவின் டக்ளஸ் ஆஸ்டர்ஹவுட். பிறவியிலேயே மண்டையோட்டுக் குறைபாடு உள்ளவர்களுக்கு அறுவை செய்து பழகியவர். 1980களின் தொடக்கத்தில், பிறப்புறுப்பு அறுவை முடிந்த பிறகும் உலகம் தன்னை ஆணாகவே பார்க்கிறது என்று சொன்ன ஒரு திருநங்கைக்காக இந்த வேலையில் இறங்கினார். ஆண் மண்டையோடு எது, பெண் மண்டையோடு எது என்று மானுடவியல் அளவைகளிலும் சேகரிப்பில் இருந்த மண்டையோடுகளிலும் தேடினார். 2009-இல் திருநங்கைகளுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். அதன் நேர்மையை மறுக்க முடியாது. எதைச் செய்வோம், எப்படிச் செய்வோம் என்று நோயாளியிடம் நேராகப் பேசுகிற புத்தகம் அது. ஆனால் கையேட்டின் இலக்கணம் வேற. அதில் வலிக்கு அறிவுரை இருக்கும், அனுபவம் இருக்காது. 'ஐஸ் வையுங்கள்' என்று சொல்லத் தெரிந்த வாக்கியத்துக்கு, ஐஸ் வைக்கிற கையின் நடுக்கம் தெரியாது.

இரண்டாவது, மானுடவியலாளர் எரிக் ப்ளெமன்ஸ் எழுதி 2017-இல் ட்யூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'தி லுக் ஆஃப் எ வுமன்'. ப்ளெமன்ஸ் மருத்துவர்களின் ஆலோசனை அறைகளிலும் அறுவை அரங்கிலும் நின்று பார்த்து எழுதியவர். அவருடைய வாதம் எளிமையானது, ஆனால் கூர்மையானது. ஒருவர் பெண் என்பது உடையை அவிழ்த்தால் தெரிகிற விஷயமில்லை, தெருவில், கடையில், பஸ்ஸில் எதிரே நிற்கிறவர் நொடியில் அடையாளம் காண்கிற விஷயம். அப்படியென்றால் பாலின அறுவையின் மையம் இடுப்புக்குக் கீழே இல்லை, முகத்தில் இருக்கிறது. கூடவே இன்னொரு சங்கடத்தையும் அவர் விடாமல் பிடித்துக்கொள்கிறார்: மருத்துவர் 'பெண்' என்று சொல்கிறபோது சராசரிப் பெண்ணைச் சொல்கிறாரா, அழகான பெண்ணைச் சொல்கிறாரா? இரண்டும் ஒன்றில்லை. ஆலோசனை அறையில் மட்டும் இரண்டும் சத்தமில்லாமல் ஒன்றாகிவிடுகின்றன. நம்மைப் போன்றவர்கள் இதோடு சேர்த்துக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தச் 'சராசரி' யாருடைய மண்டையோடு?

இவ்வளவு மதித்தும், அந்தப் புத்தகத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கு. அதன் எடை முழுக்கப் பிறருடைய பார்வையில் இருக்கிறது. மற்றவர் அடையாளம் கண்டால் அறுவை வேலை செய்துவிட்டது. சரி. ஆனால் முதல் நாலு மாசம் வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒருத்தியை யார் அடையாளம் காண்பது? அவளை முதலில் அடையாளம் காணவேண்டியவள் அவள்தான். வீங்கின முகத்தை 'நான்' என்று நம்புவதற்கு எந்தக் கோட்பாடும் உதவாது. அங்கே ஒரு மொழி வேணும்.

மூன்றாவது பிரதி ஒரு பத்திரிகை அட்டை. கெய்ட்லின் ஜென்னர், வானிட்டி ஃபேர், ஆன்னி லீபோவிட்ஸ் எடுத்த படம். 2015 ஜூன் 1 அன்று அது உலகம் முழுக்கப் பரவியது. ஜென்னருக்குச் சுமார் பத்து மணி நேர முக அறுவை நடந்தது அதே ஆண்டு மார்ச் நடுவில். இரண்டரை மாசம்தான். நாம் எல்லோரும் 'பின்' என்று நினைத்துப் பார்த்த படம் உண்மையில் நடுவில் எடுத்தது. உள்ளே பஸ் பிஸிங்கர் எழுதிய நீண்ட கட்டுரையில் ஒரு சின்னப் பகுதி வரும். அறுவைக்கு மறுநாள் ஜென்னருக்கு ஒரு பதற்றத் தாக்கு, தனக்குத்தானே என்ன செய்துகொண்டோம் என்கிற பயம். ஆலோசகர் வந்து, இது வலி மருந்தால் வருவது, தாண்டிப் போய்விடும் என்று தேற்றுகிறார். அந்தக் கட்டுரையில் இலக்கியம் என்று ஏதாவது இருந்தால் அது இந்த இடம்தான். ஆனால் எல்லோருக்கும் அட்டை ஞாபகம் இருக்கிறது, இந்தப் பத்தி ஞாபகம் இல்லை.

ஏன் இந்த நடுப்பகுதியை எழுத எல்லோரும் தயங்குகிறார்கள்? காரணம் கோழைத்தனம் இல்லை. இந்த அறுவை 'வெறும் அழகு விஷயம்' என்று காப்பீட்டு நிறுவனங்கள் நீண்டகாலம் தள்ளி வைத்திருந்தன. உலகத் திருநர் நல மருத்துவச் சங்கத்தின் எட்டாவது வழிகாட்டி 2022-இல் வந்தபோது, முக அறுவையையும் மருத்துவ ரீதியாகத் தேவையானவற்றின் பட்டியலில் சேர்த்தது. தேவை என்று நிரூபிக்க ஒரு கதை வேணும். அறுவைக்கு முன் தாங்க முடியாத துயரம், அறுவைக்குப் பின் நிம்மதி. நடுவில் 'எனக்குக் கொஞ்சம் பயமா இருந்தது, உதடு மரத்துப்போச்சு, மூணு மாசம் அழுதேன்' என்று சொன்னால், அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு போய் 'பாருங்க, வருத்தப்படுறாங்க' என்று காட்டுவதற்கு ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். முக அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலானவர்கள் திருப்தியாகவே இருக்கிறார்கள் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் திருப்தியும் வலியும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதை அரசியல் மேடை கேட்காது. இலக்கியம்தான் கேட்கணும்.

2018 நவம்பரில் ஆன்ட்ரியா லாங் சூ நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரை இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்த்தது. அது முக அறுவை பற்றியது அல்ல, தனக்கு நடக்கவிருந்த பிறப்புறுப்பு அறுவை பற்றியது. இது என்னை மகிழ்ச்சியாக்கும் என்று நான் உறுதி தரவேண்டியதில்லை, எனக்கு இது வேண்டும் என்பதே போதும் என்பது அவர் வாதம். திருநர்களிடமிருந்தே அதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. அவர்களுடைய பயம் நியாயமானது, இருந்தும் வாதத்தில் நான் சூவின் பக்கம். மகிழ்ச்சியை முன்பணமாகக் கட்டினால்தான் சிகிச்சை என்றால், எந்த நோயாளியும் உண்மை பேச மாட்டார். உண்மை பேசாதபோது, அடுத்து வருகிறவள் ஆபத்து தெரியாமலே கையெழுத்துப் போடுவாள். இழப்பு அங்கே இருக்கிறது.

நம் மொழியில் இந்த நடுப்பகுதி எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா', ரேவதியின் 'வெள்ளை மொழி' இரண்டிலும் நிர்வாணம் வருகிறது, முகத்துக்கான அறுவை அல்ல. அந்தப் பக்கங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே வலி அறிவுரையாக வருவதில்லை. உடம்பு கதை சொல்கிறது. ஜமாத் மரபு அந்த மீட்சிக் காலத்துக்கு ஒரு வடிவமும் தந்திருக்கிறது: நாற்பது நாள், பார்த்துக்கொள்ள மூத்தவர்கள், கண்ணாடி பார்க்கக் கூடாது என்கிற கட்டுப்பாடு, முடிவில் மஞ்சள் பூசி ஒரு சடங்கு. இதைப் புனிதப்படுத்த நான் தயாராக இல்லை. முறையான மருத்துவம் கிடைக்காத இடத்தில் தொற்றும் மரணமும் இருந்தன, அதிகாரமும் கடனும் இருந்தன. ஆனால் அந்தக் கண்ணாடி விலக்கில் ஒரு அறிவு இருக்கு. ஆறாத உடம்பை அதன் முடிவாக எடுத்துக்கொள்ளாதே என்று அது சொல்கிறது. நவீன க்ளினிக் அதற்குப் பதிலாகக் கொடுப்பது ஒரு துண்டுத் தாளும், தொலைபேசி எண்ணும், தேதி போட்ட ஒரு 'பின்' படமும்தான்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பாலின மாற்று அறுவை இலவசமாகச் செய்யப்படுகிறது. முக அறுவை பெரும்பாலும் தனியாரிடம், கைக்காசில். காசு சேர்த்து அங்கே போகிற இளம் திருநங்கை ஒருத்தி, போகிறதுக்கு முந்தின ராத்திரி செல்போனில் எதைப் படிப்பாள்? இரண்டு படங்களையா? அவளுக்குப் பயம் காட்டுகிற கட்டுரை வேண்டாம், ஆசை காட்டுகிற விளம்பரமும் வேண்டாம். மூன்றாம் நாள் கண் திறக்காது, ஆறாம் வாரம் ஒரு கன்னம் இன்னொரு கன்னத்தைவிடப் பெரிசா இருக்கும், நாலாம் மாசம் உச்சந்தலை அரிக்கும், அரிச்சா நரம்பு திரும்பி வருதுன்னு அர்த்தம் — இப்படி எழுதின ஒரு பிரதி வேணும். முகத்தில் இதைக் கடந்து வந்தவர்கள் தமிழில் எழுதத் தொடங்கினால், அதை வாக்குமூலமாகவோ சாட்சியமாகவோ மட்டும் வாசிக்காமல் எழுத்தாக வாசிக்கிற வேலை நமக்கு இருக்கு.