ஒரே செயலிக்கு 4, 2: நம் மதிப்பீட்டுப் படிவத்தில் விடுபட்டது

போன ஆண்டு இறுதியில் நம்மில் சிலர் ஒரு படிவம் நிரப்பினோம். பாடத்துணை மென்பொருள்களின் தரத்தை மதிப்பிடும் படிவம். இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. சீக்கிரம் திறக்கிறதா, எழுத்து தெளிவாகத் தெரிகிறதா, இடையில் நின்றுபோகிறதா, மாணவர் தாமாகவே பயன்படுத்த முடிகிறதா. நானும் நிரப்பினேன். ஒரு வாசிப்புச் செயலிக்கு எங்கள் பள்ளியில் கிடைத்த சராசரி 4. அதே செயலிக்கு, இருபது நிமிடக் கார் பயணத்தில் இருக்கும் தோட்டப்பள்ளி ஒன்றில் கிடைத்தது 2. பிறகு தொகுப்பு அறிக்கை வந்தது. அதில் 3 என்று போட்டிருந்தார்கள்.

அந்த 3 யாருடையது? எங்கள் பள்ளியில் அது 3 இல்லை. அங்கேயும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற செம்பனைத் தோட்டத்தில் மூன்றாவது பள்ளி ஒன்று இருந்தால் ஒருவேளை அதற்குப் பொருந்தலாம்.

இதில் யாரும் தவறாக நிரப்பவில்லை. எங்கள் கணினிக்கூடத்தில் ஆளுக்கொரு கணினி இருக்கிறது. அங்கே இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், நான்கு தட்டைக் கணினிகளைச் சுற்றி. “மழை வந்தா லைன் போயிரும் சார், அப்புறம் செயலி முதல் பக்கத்துக்கே திரும்பிடும்” என்றார் அங்குள்ள ஆசிரியை. எங்களுக்கு அது அறையின் பின்பக்கம் சத்தமில்லாமல் ஓடும் பயிற்சி. அவருக்கு அது பாடத்தில் பாதி நேரத்தைத் தின்னும் வேலை. இருவரும் உண்மையைத்தான் எழுதினோம். அந்த உண்மையை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. என் குறை நிரப்பியவர்கள்மேல் அல்ல, படிவத்தின்மேல்.

கேள்விகளைப் பார்த்தாலே படிவத்தின் பூர்வீகம் தெரிந்துவிடுகிறது. மென்பொருள் தரத்துக்கென்று அனைத்துலக வரையறைகள் உண்டு. 1991இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 9126 வந்தது. 2011இல் அதன் இடத்தை 25010 எடுத்துக்கொண்டது. அந்த 2011 வரையறையில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. முதல் பட்டியல் மென்பொருள் என்ற பொருளின் தரம்: செயல் பொருத்தம், வேகம், நம்பகம், பாதுகாப்பு என எட்டு பண்புகள். இரண்டாவது பட்டியல் அதைப் பயன்படுத்தும்போது தெரியும் தரம்: நினைத்தது நடந்ததா, எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவானது, மனநிறைவு உண்டா, ஆபத்து இல்லையா, எல்லாச் சூழலிலும் இவை நிற்கின்றனவா என ஐந்து. 2023இல் இந்த இரண்டாவது பட்டியலைத் தனியாகப் பிரித்து 25019 என்று வெளியிட்டுவிட்டார்கள். பயன்படுத்துபவர் நோக்கில் எழுதப்பட்ட ஐஎஸ்ஓ 9241-11 இன்னும் வெளிப்படையானது. ‘எளிதாகப் பயன்படுத்த முடியும்’ என்பதை அது மொட்டையாகச் சொல்லவே விடாது. எந்தப் பயனர், எந்த இலக்கு, எந்தச் சூழல் என்று மூன்றையும் குறிப்பிட்ட பிறகுதான் அளவு. 1998இலும் அப்படித்தான், 2018 திருத்தத்திலும் அப்படித்தான்.

நம் படிவம் முதல் பட்டியலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டிருக்கிறது. ‘பயன்படுத்த எளிதா?’ என்ற ஏழாவது கேள்வியில் யாருக்கு, எங்கே என்பது இல்லை. அதனால் அதற்குக் கிடைக்கும் 4க்கும் பொருள் இல்லை. சூடு எவ்வளவு என்று கேட்டால் ‘முப்பத்தேழு’ என்று மட்டும் சொல்வது போல. உடம்பின் சூடா, வெளியே அடிக்கும் வெயிலா?

சூழல் தகவல் என்பது அறிக்கையின் ஓரத்தில் எழுதும் அலங்காரக் குறிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஏரியான் 5 கதையைச் சொல்வேன். 1996 ஜூன் 4ஆம் நாள் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஐரோப்பாவின் புதிய ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. ஏறத்தாழ 40 விநாடிகளில் வானத்திலேயே சிதறிப்போனது. காரணம், ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் கணிக்கும் கருவிக்குள் இருந்த மென்பொருள். அது புதிதாக எழுதப்பட்டதல்ல. முந்திய ஏரியான் 4இல் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. அந்த நற்சான்றிதழோடுதான் புதிய ராக்கெட்டுக்குள் ஏறியது.

ஏரியான் 5 புறப்பட்ட வேகத்தில் அதன் பக்கவாட்டு வேகம் பழையதைவிட மிக அதிகம். 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் திணிக்கும் ஓர் இடம் அந்த நிரலில் இருந்தது. 16 பிட்டில் 32,767க்கு மேல் போக முடியாது. ஏரியான் 4 அந்த எல்லையைத் தொட்டதே இல்லை. ஏரியான் 5 தாண்டிவிட்டது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள்தான், ஆகவே அதுவும் அதே இடத்தில் விழுந்தது. இன்னொன்று பாருங்க, சிக்கல் வந்த அந்தப் பகுதி செய்யும் வேலை, ஏரியான் 5 தரையை விட்டு எழும்பிய பிறகு தேவையே இல்லாத வேலை.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: அந்தக் கருவிக்கான தேவைக் குறிப்பில் ஏரியான் 5இன் பயணப் பாதைத் தரவு சேர்க்கப்படவே இல்லை. குறிப்பில் இல்லாததால் சோதனையிலும் இல்லை. நிரல் ஒரு வரிகூடக் கெட்டுப்போகவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம் மாறியது, மாறியதை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் படிவத்தை அங்கே கொடுத்திருந்தால் ‘நம்பகம்’ என்ற கட்டத்தில் 5 போட்டிருப்பார்கள்.

நம் வகுப்பறையில் ராக்கெட் எதுவும் சிதறாது. வேறு ஒன்று நடக்கும்.

தமிழில் எழுத்துகளை எண்ணும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நம் முதலாம் ஆண்டுப் பிள்ளை மூன்று என்று சொல்லும். த, மி, ழ். சரியான விடை. கணினிக்குள் அந்தச் சொல் யூனிகோடு முறையில் ஐந்து குறிகளாக இருக்கிறது, ஏனென்றால் மேல்விலங்கும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ‘மாணவர்கள்’ நமக்கு ஆறு எழுத்து, கணினிக்கு ஒன்பது குறி. ஆங்கிலச் சொல்லின் நீளத்தை எண்ணப் பயன்படும் அதே கட்டளையை நிரலர் தமிழுக்கும் போட்டால், ‘மூன்றெழுத்துச் சொல் ஒன்று எழுதுக’ என்ற பயிற்சியில் ‘தமிழ்’ தவறு என்று வரும். ‘மரம்’ கூடத் தவறாகிவிடும், புள்ளிக்கு ஒரு குறி கூடிவிடுகிறதே. அந்தக் கட்டளையில் பிழை இருக்கிறதா? ஆங்கில வகுப்பில் இல்லை. நம் வகுப்பில் இருக்கிறது. ‘செயல் சரியானதா’ என்ற கேள்விக்கே மொழி என்ற சூழல் இல்லாமல் விடை சொல்ல முடியவில்லை என்றால், வேகம், எளிமை பற்றியெல்லாம் என்ன சொல்ல?

என்னை உண்மையில் உலுக்கியது நேர அளவுதான். அந்த வாசிப்புச் செயலி ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அறிக்கை தரும். பத்தியை வாசித்துவிட்டுக் கேள்விக்கு விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று கணக்கு வைத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி மூன்று வாரமாகச் சிவப்பிலேயே இருந்தாள். குறைநீக்கல் குழுவுக்குப் பெயர்ப் பட்டியல் கேட்டார்கள். நானும் அவள் பெயரை எழுதிவிட்டேன். அடைவுநிலையையும் ஒரு படி இறக்கிப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பட்டியலைக் கொடுப்பதற்கு முதல்நாள் வேறு வேலையாக அவள் பின்னால் நின்றிருந்தேன். பத்தியை வாசித்து முடித்துவிட்டாள். விடையும் மனசில் தயார், உதடு அசைகிறது. விரல் மட்டும் விசைப்பலகையின் மேல் அலைகிறது. “என்னம்மா தேடுற?” என்றேன். “டீச்சர், ‘ழ’ எங்க இருக்குன்னு தெரியல. வீட்டுல அண்ணன் கைப்பேசியில வேற மாதிரி.” வீட்டில் அவள் பழகியது அஞ்சல் முறை, உச்சரிப்பை ரோமன் எழுத்தில் தட்டினால் தமிழ் வரும். பள்ளிக் கணினியில் இருப்பது தமிழ்99. உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம். அவள் வாசிப்பின் வேகம் என்று செயலி எனக்குக் காட்டியது, ஒரு விசைப்பலகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் குழந்தையின் தடுமாற்றம். அந்தப் பத்தியைப் பற்றி வாய்மொழியாகக் கேட்டேன். கடகடவென்று சொன்னாள், கூடவே பத்தியில் இல்லாத ஒரு கேள்வியை என்னிடம் திருப்பிக் கேட்டாள்.

பெயரை அடித்துவிட்டேன். ஆனால் அதற்கு முந்திய வாரங்களில் நான் கொடுத்த பட்டியல்களில் இப்படி எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்வி இன்னும் போகவில்லை.

செயலியைச் செய்தவர்கள் திறமையானவர்கள்தான். நேரத்தை அளந்தார்கள், துல்லியமாகவே அளந்தார்கள். எந்த விசைப்பலகை, ஒரு கருவிக்கு எத்தனை பேர், ஒரே கணக்கில் எத்தனை பிள்ளைகள் மாறி மாறி நுழைகிறார்கள் என்பதை மட்டும் பதியவில்லை. தோட்டப்பள்ளியில் ஒரு கணக்கை மூவர் பகிர்கிறார்கள். அங்கே ‘மாணவர் அறிக்கை’ என்று வருவது யாருடைய அறிக்கை?

பட்டறைகளில் தரும் பத்துக் கேள்வித் தாள் பற்றியும் ஒரு வார்த்தை. ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பயன்பாட்டு அளவுகோலின் சாயல் அதில் இருக்கும். மூலத்தில் ஒற்றைப்படைக் கேள்விகள் செயலியைப் பாராட்டும், இரட்டைப்படைக் கேள்விகள் குறை சொல்லும். பட்டறை முடிந்து மீகூன் பொட்டலம் வாங்கப் போகும் அவசரத்தில் நாம் மேலிருந்து கீழே 5, 5, 5 என்று கோடு இழுத்துவிடுவோம். கணக்குப்படி அதற்கு நூற்றுக்கு 50 வரும். அந்த 50, செயலியின் தரம் இல்லை, பசியின் தரம். படிவத்தை எங்கே, எப்போது நிரப்பினோம் என்பதும் சூழல்தானே.

மறுபக்கமும் இருக்கிறது. ‘சூழல்’ என்பது நல்ல ஒளியிடமாகவும் ஆகிவிடும். விற்க வந்த ஒருவரிடம் தோட்டப்பள்ளியின் 2ஐப் பற்றிச் சொன்னேன். “அது செயலியோட தரம் இல்லைங்க, உங்க பள்ளிச் சூழல் அப்படி” என்றார். அவர் கையேட்டில் நிலையான இணையம், ஆளுக்கொரு கருவி என்று போட்டிருந்தது. அந்தச் சூழலைக் குறிப்பிட்டுவிட்டால் அவர் செயலி முழு மதிப்பெண் வாங்கிவிடும். அனைத்துலக வரையறைகள்மேல் எனக்கு இருக்கும் குறையும் இங்கேதான். ‘குறிப்பிட்ட சூழலில்’ என்று அழகாகச் சொல்கின்றன, குறிப்பிடும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதை நம் தலையில் விட்டுவிடுகின்றன. விற்பவர் குறிப்பிட்டால் ஒரு தரம், வாங்குபவர் குறிப்பிட்டால் இன்னொரு தரம்.

நியாயமாகச் சொல்லப்போனால், 2011 வரையறையில் இதற்கு ஒரு பிடி இருந்தது. சூழல் பற்றிய பண்பை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். குறிப்பிட்ட எல்லாச் சூழல்களிலும் வேலை செய்கிறதா என்பது ஒன்று. முதலில் நினைத்துப் பார்க்காத சூழல்களிலும் தாக்குப்பிடிக்கிறதா என்பது மற்றொன்று. தோட்டப்பள்ளி எப்போதும் இரண்டாவதில்தான் இருக்கிறது. அதைக் கேட்கும் கேள்வி நம் படிவத்தில் ஒன்றுகூட இல்லை.

எல்லாவற்றையும் எழுதச் சொன்னால் அதுவும் நடக்காத காரியம், தெரியும். ஜன்னல் எந்தப் பக்கம், மின்விசிறி ஓடியதா என்று போனால் ஒவ்வொரு வகுப்பும் தனித்தீவாகிவிடும், ஒப்பிடவே முடியாது. எங்கள் தமிழ்மொழிப் பணித்தியக் கூட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்துக்கொண்டோம். ஒரு விவரம் மாறினால் மதிப்பெண்ணும் மாறுமா? மாறும் என்றால் எழுது, மாறாது என்றால் விடு. இப்படிச் சலித்ததில் ஐந்து நின்றன: ஒரு கருவிக்கு எத்தனை பேர், அன்றைக்கு இணையம் எப்படி, எந்த விசைப்பலகை, எந்த ஆண்டு அல்லது இணைந்த வகுப்பா, பக்கத்தில் ஆசிரியர் இருந்தாரா. இந்த ஐந்தையும் மதிப்பெண் போடுவதற்கு முன்னால் எழுத வேண்டும். பின்னால் எழுதினால் சாக்குப்போக்காக மாறிவிடுகிறது. சூழல் வேறுபட்டால் சராசரி போடுவதில்லை என்றும் முடிவு செய்தோம்.

தோட்டப்பள்ளி ஆசிரியையும் அதே ஐந்து வரிகளை எழுதி அனுப்பினார், புலனத்தில், கையெழுத்துப் படமாக. இணையம் இருந்த நாளில் அவர் வகுப்பும் 4 கொடுத்திருக்கிறது. 2 வந்தது மழை நாளில். இப்போது விற்பவரிடம் கேட்கக் கேள்வி ஒன்று கிடைத்திருக்கிறது: லைன் அறுந்தால் பிள்ளை நின்ற இடத்திலிருந்தே தொடர முடியுமா? ‘தரம் குறைவு’ என்று சொல்லியிருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டோம்.

மேலே அனுப்பும் படிவத்தில் இன்னும் ஒரே ஒரு கட்டம்தான். இந்த முறை அதில் ‘4 / 2’ என்று எழுதி, ஐந்து வரிகளைத் தனித்தாளில் இணைத்துவிட்டேன். போன வாரம் அழைப்பு வந்தது. “டீச்சர், கணினியில ஒரு எண்தான் ஏறும். எது உங்க மதிப்பெண்?” என்று கேட்டார்கள். ரெண்டும்தான் என்று சொல்லியிருக்கிறேன். திரும்ப அழைப்பதாகச் சொன்னார்கள்.