எது போலிக் காசு?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழங்காசு விரித்திருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் ‘ராமர் காசு’ கண்ணில் படும். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயர், 1818. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. பிற்காலத்தில் யாரோ செய்து, பழசு என்று கைமாறும் சரக்கு. இதைப் போலி என்றால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

ஆனா அதே வார்த்தையை 2000 வருஷத்துக் காசு மேலயும் தூக்கிப் போடுறாங்களே, அங்கதான் எனக்குச் சிக்கல்.

தாம்பரம்–பீச் ரயிலில் தினமும் தாண்டுகிற மாம்பலத்தில், வெள்ளி முத்திரைக் காசுகளோடு ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வெள்ளிக்காசு ஒன்றும் கிடைத்திருக்கிறது. இந்தியாவில் அதிகம் கிடைக்கும் அகஸ்டஸ் காசில், பின்பக்கம் அவருடைய பேரன்கள் கையுஸும் லூசியுஸும் கேடயத்தோடு நிற்பார்கள். அது அச்சான ஊர் லுக்டூனம், அதாவது இன்றைய பிரான்சின் லியோன். அதைப் பார்த்து இந்தியாவிலேயே அடித்த காசுகளும் உண்டு.

இப்படிப் பார்த்து அடித்தவற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். செம்புக்கு மேல் வெள்ளித் தகடு போர்த்தியது கள்ளக்காசு; அன்றைக்கே ஆளை ஏமாற்றச் செய்தது. இன்னொன்று நல்ல வெள்ளியிலேயே இருக்கும். எழுத்து மட்டும் லத்தீன் மாதிரி தெரியும், வாசித்தால் ஒன்றும் தேறாது. எடையும் மாற்றும் பார்த்து வாங்குகிறவனிடம் முழு வெள்ளியைக் கொடுத்தவன் யாரை ஏமாற்றினான், சொல்லுங்க?

லியோன் இருக்கும் அந்தக் கெல்ட்டியர் நாட்டிலும் இதே கதைதான். ரோமர்கள் பிடிப்பதற்கு முன்பே, மாசிடோனிய அரசர் இரண்டாம் பிலிப்பின் தங்கக் காசைப் பார்த்து அங்கே அடித்தார்கள். மூலத்தில் இரண்டு குதிரை பூட்டிய தேர். போகப் போக அது ஒற்றைக் குதிரையாகி, கால்கள் உடம்பை விட்டுப் பிரிந்து, கோடும் புள்ளியுமாக மிதக்கும். இன்றைக்கு அதைப் போலி கிரேக்கக் காசு என்று யாரும் ஒதுக்குவதில்லை. கெல்ட்டியக் காசு என்றே சொல்கிறார்கள்.

நம்ம பக்கம் வருவோம். கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த மாக்கோதை வெள்ளிக்காசை இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து எழுதினார். முகம் ரோமானியக் காசின் சாயல். மேலே தமிழ்ப் பிராமியில் ‘மாக்கோதை’. உடனே “ரோமன் காசைக் காப்பி அடிச்சிருக்காங்க” என்று முடித்துவிடுகிறோம். புரியாத லத்தீனை வரைந்து வைக்காமல், சேர அரசன் தன் பெயரைத் தன் எழுத்தில் போட்டுக்கொண்டான் என்பதுதான் அங்கே செய்தி. காப்பி என்ற ஒரு சொல்லில் அது மறைந்துபோகிறது.

வெறும் சொல் தகராறு இல்லை இது. போலி என்று பெயர் விழுந்த வெள்ளிக்கு உலோக விலைதான். அடுத்து அது உருக்கும் குகைக்குப் போகும். அதனால் கள்ளக்காசு, பார்த்தடித்த காசு, இக்காலப் போலி என்று மூன்றுக்கும் மூன்று பெயர் வைத்துப் பேசுவோம். முதல் இரண்டையும் கண்டால் எங்கே கிடைத்தது என்று எழுதி வையுங்கள். மூன்றாவதை வாங்காதீர்கள்.