கூடை சுமந்த ராஜா

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் கூட்டமெல்லாம் மோனாலிசா பக்கம் போனது. நான் ஒரு சுண்ணாம்புக்கல் சிற்பப் பலகை முன்னால் நின்றுவிட்டேன். ஒரு முழ உயரம்கூட இல்லை. நடுவில் ஒரு துளை. மொட்டைத் தலை, வெற்று மார்பு, தலையில் ஒரு கூடை. எதிரே வரிசையாகப் பிள்ளைகள், அவரவர் உடையிலேயே அவரவர் பெயர். கூடை சுமப்பவர் சுமேரின் லகாஷ் நாட்டு ராஜா ஊர்-நான்ஷே. காலம் கி.மு. 2500 வாக்கில். சாமிக்குக் கோயில் கட்ட, ராஜாவே செங்கல் கூடையைத் தூக்கியிருக்கிறார்! தில்முன் தேசத்துக் கப்பல்களில் மரம் வந்ததையும் அதில் எழுதி வைத்திருக்கிறார். பர்மா தேக்குத் தூண்களுக்கு நடுவே வளர்ந்தவனுக்குச் சிலிர்க்காதா?

“அப்பச்சி, அழுறீங்களா?” என்றாள் மகள். ஆமாம், அழுதேன்.

ராஜா கூடை சுமந்தது செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்துக்காரனுக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்? எங்கள் பக்கம் அய்யனாருக்கு மண்குதிரை செய்து கொடுக்கும் புரவி எடுப்பு என்றால் முதலில் பிடிமண். ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து, மண்பாண்டம் செய்யும் வேளார் கையில் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் குதிரை உருவாகும்.

அதே லகாஷை கி.மு. 22-ஆம் நூற்றாண்டில் ஆண்ட குடேயாவின் கதை இன்னும் அற்புதம். 1877-இல் கிடைத்த இரண்டு பெரிய களிமண் உருளைகளில் அது இருக்கிறது. வானம் முட்ட ஓர் உருவம் கனவில் வருகிறது, இருபுறமும் சிங்கங்கள். நான்ஷே என்ற பெண் தெய்வத்திடம் போய்ப் பலன் கேட்கிறார். “வந்தது நிங்கிர்சு சாமி, கோயில் கேட்கிறார்” என்கிறாள் அவள். உடனே ஊரைச் சுத்தம் செய்கிறார். தாய் பிள்ளையைத் திட்டக்கூடாது, அடிமையை யாரும் அடிக்கக்கூடாது. திருவிழாவுக்கு விரதம் இருந்து கட்டும் நம் காப்புக் கட்டு ஞாபகம் வரவில்லையா? முதல் செங்கல்லைத் தன் கையாலேயே அறுக்கிறார் குடேயா.

சுமேரில் ஊர் சாமியின் சொத்து. ராஜா அதைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர். சிலைக்கு உயிர் வர அவர்கள் அதன் வாயைத் திறக்கும் சடங்கு செய்தார்கள். மண்குதிரைக்கு உயிர் வர நாம் அதன் கண்ணைத் திறக்கிறோம். அவர்களுடைய ராஜாக்கள் பட்டியலில் முதல்வர் அலுலிம் 28,800 வருஷம் ஆண்டாராம்! 126 வருஷம் ஆண்ட கில்காமெஷ் செத்தபின் சாமியானார். காவல் நின்று செத்தவரைச் சாமியாகக் கும்பிடும் நமக்கு அவர் அந்நியரா என்ன?

லூவ்ர் போகிறவர்கள் ரிஷ்லியூ பகுதியின் தரைத்தளத்துக்கு முதலில் போங்கள். அதற்கும் முன்னால், பக்கத்தில் எங்காவது புரவி எடுப்பு நடந்தால், பிடிமண் கொடுக்கிற அன்றே போய் நில்லுங்கள். ராஜா தலையில் கூடை ஏன் என்பது அங்கேயே விளங்கிவிடும்.