கறிக்கட்டை மேல் ஒரு கால்

2019 தீபாவளிக்கு வந்த 'பிகில்' படத்தைவிட அதன் போஸ்டர்தான் எனக்கு முக்கியம். முன்னால் ராயப்பன் நாற்காலியில் உட்கார்ந்து கறி வெட்டும் கட்டை மேல் காலைத் தூக்கி வைத்திருக்கிறார். பின்னால் மகன் மைக்கேல், ஜெர்சியும் பந்துமாக. கோயம்புத்தூர் கறிக்கடைக்காரர்கள் இதைப் பார்த்துக் கொதித்துப் போனார்கள். எங்களுக்குச் சோறு போடுகிற கட்டை, அதன்மேல் எப்படிக் கால் வைக்கலாம் என்று போராட்டத்தில் இறங்கினார்கள். நம்ம தோழர்களிலேயே சிலர் இதற்குச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏரைக் கும்பிட்டால் தமிழ்ப் பண்பாடு, தறியைக் கும்பிட்டால் உழைப்பின் மேன்மை. கறிக்கட்டையைக் கும்பிட்டால் மட்டும் ஏன் தமாஷ்?

வடசென்னை என்றாலே சினிமாவுக்கு இரண்டே சாமான்தான். ஒன்று கத்தி, இன்னொன்று பந்து. அப்பன் கறி, ரத்தம், ரவுடித்தனம். பிள்ளை பந்து, ஜெர்சி, கோப்பை. அதிலிருந்து இதற்கு வந்து சேருவதைத்தான் முன்னேற்றம் என்று காட்டுகிறார்கள். எங்கள் காலை எடுத்துக்கொள்கிறார்கள், தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். நவீன வாழ்க்கை நமக்குப் போடுகிற நிபந்தனையே இதுதான் என்று நினைக்கிறேன்.

நானும் வியாசர்பாடியில் பந்து ஆடியவன்தான். பெரிய ஆட்டக்காரன் இல்லை, பேக்கில் நின்று ஆளைத் தள்ளிவிடுகிற ரகம். பக்கத்திலேயே ஐ.சி.எஃப்., ரயில்வே. பந்து ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்ற பேச்சு எங்கள் சந்துகளில் எப்போதும் உண்டு. இதே வியாசர்பாடியிலிருந்து போன தனபால் கணேஷ் 2018-இல் சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல். கோப்பையை ஜெயித்தபோது அந்த அணியில் இருந்தார். அந்தக் கால்களுக்கு எது பலம் கொடுத்தது என்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை. வறுமையைக் கேட்டார்கள், கூவத்தைக் கேட்டார்கள், கஞ்சாவைக் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்க அம்மா வாங்கி வருகிற அரைக்கிலோ மாட்டுக்கறியைக் கேட்கவில்லை. மேட்ச் அன்றைக்கு நல்லி எலும்பு ரசம் ஒரு கிண்ணம் ஊற்றி, "துன்ட்டு போடா, கால் நிக்கும்" என்பாள். எங்களுக்கு அதுதான் டயட்டீஷியன்.

'பிகில்' படத்துக்குத் திரும்ப வருகிறேன். பாண்டியம்மா என்ற ஆட்டக்காரியை, அவளுக்கு ரோஷம் வர வேண்டும் என்று சொல்லி, ஊரே பார்க்க 'குண்டம்மா, குண்டம்மா' என்று பயிற்சியாளர் கத்துகிறாரே, அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. தின்கிற உடம்பு மேல் இந்தச் சமூகத்துக்கு உள்ள அருவருப்புக்கு அடிக்கப்பட்ட விசில் அது. பெண்களை ஆட வைக்க ஒரு மீட்பர் வேண்டியிருக்கிறது படத்துக்கு. ஆனால் படம் வருவதற்கு முந்தின வருஷமே, 2018-இல், தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரைத் தோற்கடித்துத் தேசியப் பட்டத்தை ஜெயித்துவிட்டது. மணிப்பூரைத் தோற்கடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை என்பது பந்து தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

2014-இல் வந்த ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' இந்த விஷயத்தில் வேறு. அதில் மைதானம் மேலே ஏறிப் போகிற ஏணி இல்லை. காளியும் அன்பும் வந்து நிற்கிற, பேசுகிற, சண்டை போடுகிற இடம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன் ஹவுசிங் போர்டிலேயே இருக்கிறான், பந்தும் ஆடுகிறான். எதையும் விட்டுவிட்டு வரச் சொல்லாத ஒரு நவீனத்தை அந்தப் படம் யோசித்துப் பார்த்தது.

சினிமாவை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூரில்! மாட்டுக்கறிக்கு மட்டும் இடம் இல்லை. எதிர்ப்பு வந்ததும் மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். இதைப் பாகுபாடு என்று ஏன் கருதக்கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை தீவுத்திடலில் உணவுத் திருவிழா. அங்கேயும் கூச்சல் போட்ட பிறகுதான் மாட்டுக்கறி பிரியாணிக் கடை வந்தது. சமூகநீதி பேசுகிற ஆட்சியின் சமையல்கட்டு லட்சணம் இது.

நம்ம பக்கமும் ஒரு வார்த்தை. 2017-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவரைக் கண்ணில் காயம் படுகிற அளவுக்கு அடித்தார்கள். அதைக் கண்டித்து நாங்கள் விழா எடுத்தோம், எடுத்தது சரிதான். ஆனால் அங்கே வந்து ஒரு துண்டைக் கடித்துவிட்டுப் புரட்சி செய்ததாகப் போட்டோ பிடித்துக்கொண்ட முற்போக்குகளைப் பார்த்தபோது எரிச்சலாக இருந்தது. நான் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அம்மா, "துன்றதுக்கு இன்னாத்துக்குடா விழா? வெங்காயத்த யார் அரிஞ்சாங்க?" என்றாள். அரிந்தது பெண் தோழர்கள்தான். பதில் சொல்லவில்லை.

என் அக்கா மகனுக்குப் பதினாலு வயசு. போன மாதம் ஒரு கால்பந்துப் பயிற்சி மையத்தில் சேர்ந்திருக்கிறான், பெயர் வேண்டாம். உணவு அட்டவணை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். முட்டை, கோழி, பயறு, பன்னீர். மாட்டுக்கறி இல்லை. இல்லாததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரம் அவன் டிபன் பாக்ஸைத் திறந்தபோது இது என்ன கறி என்று பக்கத்துப் பையன் கேட்டிருக்கிறான். ஆட்டுக்கறி என்று சொல்லிவிட்டானாம்.

"எலும்பப் பாத்தா தெரிஞ்சிடாதாடா?" என்று கேட்டேன்.

"இனிமே எலும்பு இல்லாத கறியா வைக்கச் சொல்லிட்டேன் மாமா, ஆயாகிட்ட" என்று சொல்லிவிட்டு ஷூவுக்கு லேஸ் கட்டப் போய்விட்டான்.