குடைந்த கல், அடுக்கிய கல்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் சாலையில் இருபது கிலோமீட்டருக்குள் திருமயம் வந்துவிடும். ஊருக்கு முன்னால் கோட்டை வரும். வடக்கு மதிலில் சாலையைப் பார்த்தபடி கோட்டை பைரவர் இருக்கிறார். அவர் முன்னால் ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் பல வண்டிகள் மேற்கொண்டு நகரும். கும்பிட்ட கையோடு தலையைச் சற்று அண்ணாந்தால் போதும், இந்தக் கோட்டையின் முதல் நயம் கண்ணில் படும்.

மதிலின் உடம்பு கருங்கல். அதன் தலைமேல் செங்கல்லால் கட்டிச் சாந்து பூசிய ஞாயில்கள் வரிசையாக நிற்கின்றன. ஞாயில்களில் துப்பாக்கி நீட்டத் துளைகள் உண்டு. ஒரே மதிலில் இரண்டு பொருள் எதற்கு? அடிச்சுவர் எடையைத் தாங்க வேண்டும், மோதலையும் தாங்க வேண்டும். அதற்குக் கருங்கல்லே சரி. மேல்சுவரின் வேலை வேறு. அங்கே நிற்கிற வீரனுக்கு உடம்பு மறைய வேண்டும், கண்ணும் துப்பாக்கிக் குழலும் மட்டும் வெளியே போக வேண்டும். எதிரி தூரத்தில் வரும்போது ஒரு கோணம், மதிலடியை நெருங்கிவிட்டால் வேறொரு கோணம். இப்படிக் கோணம் பார்த்துத் துளை விடுவது கருங்கல்லில் பெரும்பாடு. செங்கல்லில் நல்ல கொத்தனார் கட்டும்போதே விட்டுக்கொண்டு போவார். கல்லுக்கான வேலையைக் கல்லிடமும் செங்கல்லுக்கான வேலையைச் செங்கல்லிடமும் கொடுத்திருக்கிறார்கள்.

துளைக்குள் கண்ணை வைத்துப் பாருங்கள். வெளியே ஒரு துண்டு நிலம் தெரியும். இரண்டடி நகர்ந்து அடுத்த துளையில் பார்த்தால் அதையொட்டிய துண்டு. இப்படியே நடந்துகொண்டு போனால் சுற்றுவட்டாரம் முழுவதும் துண்டு துண்டாகப் பங்கிடப்பட்டிருப்பது புரியும். ஒவ்வொரு வீரனுக்கும் அவன் பங்கு. ஒருவன் பார்வை முடிகிற இடத்தில் பக்கத்தில் நிற்பவன் பார்வை தொடங்கும்.

கோட்டை கட்டப்பட்டது 1687இல், இராமநாதபுரம் சேதுபதியால். விஜயரகுநாத சேதுபதி என்ற பெயரைச் சொல்வது வழக்கம். அந்த ஆண்டில் அரியணையில் இருந்தவர் கிழவன் சேதுபதி என்று எல்லோரும் அறிந்த ரகுநாத சேதுபதி. இராமநாதபுரத்தையே கோட்டை கட்டி வலுப்படுத்தியவர் அவர். வடக்கே தஞ்சையில் மராட்டியர் ஆட்சி புதிதாக வேரூன்றியிருந்த காலம் அது. தொண்டைமான் குடும்பத்தின் காதலி நாச்சியாரைக் கிழவன் சேதுபதி மணந்திருந்தார். மைத்துனர் ரகுநாதராயத் தொண்டைமானிடம் புதுக்கோட்டைப் பகுதியை ஒப்படைத்தார். அங்கிருந்துதான் புதுக்கோட்டை அரசின் கதை தொடங்குகிறது. பின்னாளில் திருமயம் கோட்டையும் தொண்டைமான்கள் கைக்கு வந்தது. 1730களில் தஞ்சைத் தளபதி ஆனந்தராவ் புதுக்கோட்டைச் சீமைக்குள் புகுந்தபோது, தொண்டைமான் ஒதுங்கி நின்று தாக்குப்பிடித்தது இந்த மதில்களுக்குள்தான்.

கட்டியபோது ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு சுற்று மதில்கள், சுற்றிலும் அகழி. இன்று மிஞ்சியவை நான்கு மதில்கள். அகழி பெரும்பாலும் தூர்ந்துவிட்டது. சுமார் நாற்பது ஏக்கர் பரப்பு. கணக்கில் பெரிதாகத் தெரிந்தாலும் இந்தக் கோட்டையின் பெருமை பரப்பில் இல்லை. நடுவில் இருக்கிற மொட்டைப் பாறைதான் கோட்டையின் முக்கால் பங்கு. அதன் சரிவில் ஏறி வருகிறவனுக்குப் பதுங்க ஒரு புதர் கிடையாது, சித்திரை வெயிலில் கால் வைக்கவும் முடியாது. பாறையே அரண் என்பதைக் கட்டியவர் முதலிலேயே கண்டுகொண்டார். மதில்கள் அதன் வளைவுகளை அனுசரித்து வளைகின்றன. நேர்கோடு வேண்டும் என்பதற்காகப் பாறையை வெட்டித் தள்ளவில்லை. ஏழு மதில் கட்டியவர் கஞ்சர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கல்லையும் யோசித்துத்தான் செலவழித்திருக்கிறார்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஜப்பானில் ஒரு கோட்டை இருக்கிறது. ஹிமேஜி. இக்கேதா தெருமாசா என்ற பிரபு 1609இல் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். திருமயத்துக்கு எழுபத்தெட்டு ஆண்டு மூத்தது. அதுவும் சமவெளியில் எழும்பிய ஒரு குன்றின்மேல்தான் நிற்கிறது. அங்கேயும் மதிலுக்குள் மதில், அகழிக்குள் அகழி. வாசல்களைக் கடந்து வருகிறவனைச் சுற்றிச் சுற்றி அலையவிடும் வழிகள். அங்கேயும் துளைகள், ஏறக்குறைய ஆயிரம் துளைகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. நீள்சதுரம் வில்லாளிக்கு, வட்டம், முக்கோணம், சதுரம் எல்லாம் துப்பாக்கிக்காரனுக்கு. வெள்ளைச் சுவரில் அவற்றைப் பார்த்தால் கோலப் புள்ளிகள் மாதிரி அழகாக இருக்கும். அந்த வெள்ளைப் பூச்சும் வெறும் அழகுக்காக வந்ததில்லை. உள்ளே இருப்பது மரம். நெருப்பு பிடிக்காமல் இருக்கவே கெட்டியாகச் சுண்ணச் சாந்து பூசினார்கள். 1945இல் அந்த நகரத்தின்மேல் குண்டு மழை பொழிந்தபோது கோட்டையின் உச்சி மாடியில் விழுந்த தீக்குண்டு ஒன்று வெடிக்காமல் போனதால் ஹிமேஜி பிழைத்தது. 1993இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

ஹிமேஜியின் குன்று ஒரு பீடம். அதன்மேல் ஆறேழு தளம் எழுப்பி, தூரத்திலிருந்தே எல்லோரும் பார்க்கட்டும் என்று நிறுத்தினார் பிரபு. அவர் செல்வாக்கை ஊருக்குச் சொல்கிற வேலையும் அந்தக் கட்டடத்துக்கு இருந்தது. திருமயத்தில் உச்சிக்கு ஏறிப் போனால் மாளிகை இல்லை, மாடம் இல்லை. ஒரு வட்டக் கொத்தளம், அதன்மேல் ஒரு பீரங்கி, அவ்வளவுதான். மலை உச்சி கிடைத்தும் அரண்மனை கட்டாமல் விட்ட மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. நான்கு திக்கும் தெரிகிற இடம் அது. அதைக் காவலுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஏறுகிற வழியிலும் அவசரப்படாமல் பார்க்க நிறைய இருக்கிறது. பாதி தூரத்தில் வலப்பக்கம் ஒரு அறை. வெடிமருந்துக் கிடங்காகப் பயன்பட்டது. வெடிமருந்துக்கு ஈரமும் ஆகாது, நெருப்பும் ஆகாது. உச்சியில் வைத்தால் எதிரிக் குண்டுக்கு இலக்கு. அடிவாரத்தில் வைத்தால் மதில் விழுந்த அன்றே பறிபோகும். நடுவழியில் பாறை மறைவில் வைத்ததில் ஒரு கணக்குத் தெரிகிறது.

அந்தக் கிடங்குக்கு எதிர்ப்பக்கம், பாறைச் சரிவில் தரைக்கு மேலே, ஒரு சின்ன அறை குடைந்திருக்கிறது. இன்று இரும்பு ஏணி வைத்திருக்கிறார்கள், ஏறிப் பார்க்கலாம். உள்ளே சதுர ஆவுடையார்மேல் ஒரு லிங்கம். வேறு எதுவும் இல்லை. தூண் இல்லை, வாயிற்காவலர் இல்லை. வெளியில் பாறை காய்ந்து தகிக்கும்போதும் உள்ளே கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும். கோட்டை எழும்புவதற்குப் பல நூற்றாண்டு முன்பே யாரோ ஒரு சிற்பி இந்த உயரத்தில் தொங்கிக்கொண்டு உளி பிடித்திருக்கிறார். வெடிமருந்தும் சிவலிங்கமும் ஒரே வழியின் இருபுறமும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. கோட்டை கட்ட வந்தவர்கள் அந்த அறையைத் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை; இருந்தபடியே விட்டார்கள்.

வாசல்களிலும் இதே குணம். தெற்கு வாசலில் அனுமார், சக்தி கணபதி, கருப்பர், வடக்கே பைரவர். துப்பாக்கி பிடித்த காவலன் இரவில் கண் அசரலாம், கருப்பர் அசரமாட்டார் என்பது இந்தப் பக்கத்து ஆட்களின் நம்பிக்கை. கோட்டையில் காவலர் போய்விட்ட பிறகும் இந்தச் சாமிகள் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறார்கள்.

இறங்கித் தெற்கு அடிவாரத்துக்கு வந்தால்தான் இந்தப் பாறையின் மறுபாதி தெரியும். மேலே நடந்தது அடுக்குகிற வேலை. கீழே நடந்தது குடைகிற வேலை. சத்தியகிரீஸ்வரர் கோயிலும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் ஒரே பாறையின் ஒரே சரிவில் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டின் கருவறைகளும் குடைவரைகள். கோட்டைக்கும் இவற்றுக்கும் சுமார் ஆயிரம் ஆண்டு இடைவெளி. முத்தரையர் மரபைச் சேர்ந்த சாத்தன் மாறனின் தாய் பெரும்பிடுகு பெருந்தேவி பெருமாள் கோயிலில் திருப்பணி செய்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய தலம்; 108 திவ்ய தேசங்களில் ஒன்று. வளாகத்துக்குள் எட்டுப் பட்டையாகக் கட்டிய திருக்குளம் ஒன்று உண்டு. சதுரக் குளங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு விருந்து.

பெருமாள் குடைவரைக்குள் பள்ளிகொண்ட கோலம். பாம்பணைமேல் படுத்திருக்கும் திருமாலின் இவ்வளவு பெரிய பாறைச் சிற்பம் நாட்டில் வெகு அபூர்வம். ஆனால் அளவைவிட அதிலுள்ள நாடகம்தான் நம்மை நிறுத்தி வைக்கும். மது, கைடபர் என்ற அசுரர்கள் பெருமாள் உறங்குகிற நேரம் பார்த்து வந்தார்களாம். அவரை எழுப்ப மனமில்லாமல் ஆதிசேஷனே தன் வாயிலிருந்து நெருப்பைக் கக்கி அவர்களை விரட்டினான். விரட்டிய பிறகு, ‘அவசரப்பட்டுவிட்டோமோ, உறக்கத்தைக் கலைத்துவிட்டோமோ’ என்று அவனுக்குக் கூச்சம் வந்துவிட்டது. பெருமாள் அவனைத் தேற்றுகிறார். தலபுராணம் சொல்லும் இந்தக் கதை முழுவதையும் சிற்பி ஒரே சுவரில் வைத்துவிட்டார். காலடிப் பக்கம் அசுரர்கள் ஓடத் தயாராக இருக்கிறார்கள். சுவரில் சுடர்கள் அவர்களைத் துரத்துகின்றன. பாம்பின் படங்கள் சற்றே பின்வாங்கினாற்போல் இருக்கின்றன. பெருமாளின் நீட்டிய கை, பயந்த பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற கை. உதட்டில் ஒரு முறுவல். கலவரம் எல்லாம் ஒரு கோடியில், அமைதி எல்லாம் மறுகோடியில். நடுவில் நீண்டு கிடக்கிற அந்த உடம்பு இரண்டையும் இணைக்கிறது. மேலே ஏழு மதிலும் பீரங்கியும் செய்த வேலையை, அதாவது உள்ளே இருப்பவரைக் காப்பதை, இங்கே ஒரு பாம்பு தன் மூச்சால் செய்து முடித்திருக்கிறது.

பக்கத்துச் சிவன் குடைவரையில் கருவறைக்கு எதிர்ச் சுவரில் லிங்கோத்பவர் பெரிய புடைப்புச் சிற்பமாக நிற்கிறார். அடிமுடி தேடிய கதைக்குப் பொருத்தமான சுவர்தான். கல் எங்கே தொடங்கியது, எங்கே முடிகிறது என்று இந்தப் பாறைக்குள் நிற்கும்போது நமக்கும் சொல்ல முடியாது. இங்கே குடுமியான்மலையில் இருப்பதைப் போன்ற ஓர் இசைக் கல்வெட்டும் இருந்தது. இன்று அதன் சில சொற்கள்தான் மிச்சம். 13ஆம் நூற்றாண்டில் இரண்டு கோயிலாருக்கும் வருமானத்தைப் பங்கிடுவதில் நீண்ட நாள் வழக்கு. 1245இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் அது தீர்ந்தது. பங்கீட்டைக் கல்லில் வெட்ட இடம் தேவைப்பட்டபோது பழைய இசைக் கல்வெட்டைச் சிதைத்து அதன்மேல் வெட்டிவிட்டார்கள். இரண்டு கோயில்களுக்கும் நடுவே சுவரும் எழும்பியது. கோட்டைக்கு நானூறு ஆண்டு முன்பே இந்தப் பாறையடியில் எழும்பிய மதில் என்று அதைச் சொல்லலாம்.

ஊர்க்காரர்களிடம் திருமயம் கோட்டை என்று கேட்டால் சிலர், ‘ஊமையன் கோட்டைங்களா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இங்கே ஒளிந்திருந்தார், சிறையிருந்தார் என்றெல்லாம் கதைகள் உண்டு. வரலாற்றில் அவர் சிறையிருந்தது பாளையங்கோட்டையில். 1801 பிப்ரவரியில் அங்கிருந்து தப்பினார், அதே ஆண்டு நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மன் பிடிபட்டது 1799இல், இதே தொண்டைமான் சீமையின் காட்டில். பிடித்துக்கொடுத்த அரசரின் கோட்டைக்கு, பிடிபட்டவரின் தம்பி பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் மக்கள். ஆவணம் எதுவும் இல்லாமல் ஊர் எழுதிய தீர்ப்பு அது.

இன்று கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வருகிறவர்கள் நேரே உச்சிக்கு ஏறிப் பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். வரிசையை மாற்றிக்கொண்டால் நல்லது. உச்சி வேளையில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே போய் முதலில் இரண்டு குடைவரைகளையும் பாருங்கள். எவ்வளவு கல்லை எடுத்தால் பெருமாள் கிடைப்பார் என்று தெரிந்த சிற்பியின் கையைப் பார்த்த பிறகு மேலே ஏறினால், எவ்வளவு கல்லை வைத்தால் பாறை கோட்டையாகும் என்று தெரிந்த கொத்தனாரின் கையும் தானாகப் பிடிபடும். ஆயிரம் ஆண்டில் இந்தப் பாறைமேல் எத்தனையோ உளி விழுந்திருக்கிறது. அளவு தவறியது ஒரே ஓர் இடத்தில்தான்: பங்குக் கணக்கு எழுதுவதற்காக இசையை அழித்த உளி.